அறியாமையும் அறிய மறுத்தலும்

"எனக்குத் தெரியாது" என்னும் சொல்லைப் போல் மனிதனுக்கு எளிதில் கைகொடுக்கும் சொல் வேறொன்றில்லை. கோப்பைத் தொலைத்துவிட்ட அலுவலர் அதைச் சொல்லுகிறார். கலப்படச் சரக்கை விற்ற கடைக்காரர் அதைச் சொல்லுகிறார். திருட்டுப் பொருளை விலைக்கு வாங்கியவரும் அதையே சொல்லுகிறார். இவற்றுள் எது மெய்யான அறியாமை, எது அறிய விரும்பாமை போர்த்திக்கொண்ட போர்வை என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. ஆயினும், அவ்வாறு பிரித்துப் பார்க்காத வரையில் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மைக்கு இடமில்லை.

இதை ஆராய்வதற்கு நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள், நம் இல்லங்களில் பெரும்பாலும் காணப்படாத ஒன்று. ஒருவர் வைத்திருந்த துப்பாக்கியை மற்றொருவர் விலைக்கு வாங்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அன்றாட நிகழ்ச்சி. வேட்டைக்காகவும் தற்காப்புக்காகவும் சேகரிக்கும் ஆர்வத்தாலும் அங்கே மக்கள் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நாம் பழைய மிதிவண்டியையும் தையல் இயந்திரத்தையும் கைமாற்றிக்கொள்வதைப் போல, அவர்கள் பழைய துப்பாக்கியைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பது நன்றா, தீதா என்பது வேறு விவாதம். அதற்குள் நாம் இப்போது புகவில்லை. வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கும் ஒரு நாட்டில் வாங்குகிறவரின் மனச்சான்றின் முன் நிற்கும் கேள்வியே நம் கேள்வி. இந்தப் பொருள் விற்பவருக்கு உரியதுதானா, அல்லது எவருடைய வீட்டிலிருந்தாவது களவு போனதா? அதை ஆராய்ந்து அறிவது வாங்குகிறவரின் கடமையா? ஆராய்ந்தும் விடை கிடைக்காவிட்டால் அவர் என்ன செய்வது?

களவு போன மிதிவண்டியை ஒருவர் வாங்கினால், அதனால் இழப்பு அடைந்தவர் பழைய உரிமையாளர் ஒருவரே. களவு போன துப்பாக்கியின் கணக்கு அவ்வளவில் முடிவதில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிறுத்தி வைத்திருந்த ஒரு காரிலிருந்து கைத்துப்பாக்கி ஒன்று திருடப்பட்டது. அது மத்திய அரசின் நில நிர்வாகத் துறையில் காவற்பணி புரிந்த ஒருவருடையது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 1ஆம் தேதி, அந்த நகரின் கடற்கரைத் துறையில் தந்தையுடன் உலவிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் உயிரை அதே துப்பாக்கியின் குண்டு பறித்தது. நேராகப் பாய்ந்த குண்டுகூட அன்று அது. தரையில் பட்டுத் தெறித்துப் போன குண்டு. திருடியவன் யார், அது எவர் கைகளைக் கடந்து வந்தது என்பவை யெல்லாம் தனி வழக்குகள். நாம் கருத வேண்டியது ஒன்றே. திருட்டுத் துப்பாக்கியின் பின்னால் ஒரு வீட்டாரின் இழப்பு இருக்கிறது. அதன் முன்னால் ஓர் உயிரின் இழப்பு காத்திருக்கக் கூடும். அத்தகைய பொருளைப் பற்றி "எனக்குத் தெரியாது" என்று சொல்லுவதற்கு முன் நாம் இருமுறை எண்ண வேண்டாமா?

இரும்பில் பொறித்த சாட்சி

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுடைய போர்க்கவசம் காணாமற் போன நிகழ்ச்சி நம் இல்லங்களில் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அது சில வேறுபாடுகளுடன் பலவாறாகக் கூறப்படினும் அதன் சாரம் ஒன்றே. கலீஃபாவாகிய அவர்கள் தம் கவசத்தை வேற்றுச் சமயத்தார் ஒருவரிடம் கண்டார்கள். பறித்துக்கொள்ளவில்லை, காழி ஷுரைஹ் அவர்களிடம் வழக்குரைத்தார்கள். காழி சாட்சி கேட்டார். ஏற்கத் தக்க சாட்சி இல்லை. கவசம் யாரிடம் இருந்ததோ அவருக்கே தீர்ப்பாயிற்று. இந்த நீதியைக் கண்டு நெகிழ்ந்த அந்த மனிதர், கவசம் கலீஃபாவுடையதே என்று தாமே ஒப்புக்கொண்டார் என்று நிகழ்ச்சி முடிகிறது.

இதில் நீதிபதியின் நடுநிலையை நாம் வியந்திருக்கிறோம். நம் கேள்விக்கு உதவும் இன்னொரு பாடமும் இதில் உண்டு. உரியவருக்குத் தம் பொருளைத் தெரியும். ஆனால் நெஞ்சில் இருக்கும் அறிவு மன்றத்தில் அறிவாகாது. பிறர் கண்டு ஒப்பும் ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் இல்லாத போது, உண்மை முழுவதும் பொருளைக் கையில் வைத்திருப்பவரின் நாவை நம்பியே நிற்கிறது.

இக்காலத் துப்பாக்கிக்கு அத்தகைய அடையாளம் ஒன்றைச் சட்டம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அமெரிக்காவில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் ஒவ்வொரு துப்பாக்கியின் உடலிலும் வரிசை எண்ணைப் பொறிக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகள் சிலவற்றில் எண்ணே இருப்பதில்லை, அது குற்றமன்று. ஆனால் இருந்த எண்ணை அராவி அழித்திருந்தால், அத்தகைய துப்பாக்கியை அறிந்து வைத்திருப்பதே குற்றம். எண்ணை அழிப்பவன் என்ன செய்கிறான்? சாட்சியின் வாயைக் கட்டுகிறான். அழிந்த எண்ணைக் கண்டபின் வாங்குகிறவருக்கு வேறு விசாரணை தேவையில்லை. விலகிச் செல்லுவதே அவர் செய்யத் தக்கது.

எண் ஒன்று மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலையின் எண் மற்றொரு தொழிற்சாலையின் எண்ணோடு ஒத்திருக்கக் கூடும். ஆகவே செய்தவர் பெயர், வகை, குழல் அளவு, எண் ஆகிய நான்கையும் சேர்த்துக் குறித்தால்தான் அடையாளம் முழுமை பெறும்.

யாரிடம் கேட்பது?

களவு போன துப்பாக்கிகளின் பட்டியல் ஒன்று அந்த நாட்டில் இருக்கிறது. 1967ஆம் ஆண்டு ஜனவரியில் எஃப்.பி.ஐ. தொடங்கிய தேசியக் குற்றத் தகவல் மையத்தில், திருட்டுக் கார்களைப் போலவே திருட்டுத் துப்பாக்கிகளும் எண்ணுடன் பதியப்படுகின்றன. ஒரு மாநிலத்துக் காவல் நிலையம் பதிந்ததை மற்றொரு மாநிலத்துக் காவலர் உடனே காணலாம். ஆனால் இந்தப் பட்டியல் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டதன்று. துப்பாக்கியை வாங்கப் போகும் குடிமகன் தாமே அதைப் புரட்டிப் பார்க்க இயலாது. 2022ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு மத்தியச் சட்டம், உரிமம் பெற்ற வணிகர்கள் தம்மிடம் விற்பனைக்கு வரும் துப்பாக்கி களவு போனதா என்று இந்தப் பட்டியலில் சரிபார்க்க வழி செய்தது. தனி மனிதருக்கு அந்த வழி இல்லை.

இங்கே ஒரு விந்தையையும் காண்கிறோம். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, 1998 நவம்பர் இறுதியிலிருந்து, உரிமம் பெற்ற வணிகர் துப்பாக்கியை விற்குமுன் வாங்குகிறவரைப் பற்றி எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சரிபார்ப்பு அமைப்பிடம் விசாரிக்க வேண்டும். "சரிபார்த்துத்தான் வாங்கினேன்" என்று பலர் மனநிறைவு கொள்ளுவது இதை எண்ணித்தான். ஆனால் அந்த விசாரணை எதைப் பற்றியது? வாங்குகிற மனிதர் தகுதி உடையவரா என்பதைப் பற்றியதே தவிர, விற்கப்படும் துப்பாக்கி களவு போனதா என்பதைப் பற்றியதன்று. மேலும், தனி மனிதர் ஒருவர் தம் மாநிலத்தவராகிய மற்றொருவருக்கு விற்கும்போது அந்த விசாரணைகூடத் தேவை என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களின் சட்டங்களே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் துப்பாக்கிகளின் தடங்காணும் தேசிய நிலையம் ஒன்று உண்டு. அதுவும் காவல் துறையினர் கேட்டால்தான் விடை தரும். செய்தவரிடமிருந்து மொத்த வணிகர், அவரிடமிருந்து சில்லறை வணிகர், அவரிடமிருந்து முதன்முதலில் வாங்கியவர் என்ற அளவில் அதன் ஏடுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு துப்பாக்கி எத்தனை கை மாறியது என்பதை எந்த ஏடும் முழுமையாகச் சொல்லாது. துப்பாக்கி உடையோரின் தேசியப் பதிவேடு ஒன்றை மத்திய அரசு ஏற்படுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது.

அப்படியானால் எளிய குடிமகன் செய்யக் கூடியது என்ன? சில வழிகள் உண்டு. விற்பவரிடம் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தம் ஊர்க் காவல் நிலையத்தை அணுகி, "இந்த எண் களவுப் பட்டியலில் உள்ளதா?" என்று கேட்கலாம். கேட்கும்போது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. எழுதிய தாளே போதும். சில நிலையங்கள் பார்த்துச் சொல்லும், சில மறுக்கும். ஃபுளோரிடா மாநிலத்தின் சட்டச் செயலாக்கத் துறை, அந்த மாநிலத்தில் பதிவான களவுத் துப்பாக்கிகளைப் பொதுமக்களே எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்க இடமளிக்கிறது. உரிமம் பெற்ற வணிகர் ஒருவரை நடுவில் வைத்து விற்பனையை நடத்தலாம். அவர் தம் கைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போயிற்று என்று பதிவேட்டில் எழுதக் கடமைப்பட்டவர். விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரும் எண்ணும் தேதியும் விலையும் எழுதிய விற்பனைச் சீட்டில் இருவரும் கையொப்பமிடலாம். களவாடியவன் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத் தாண்டி வரமாட்டான்.

விடைக்கு அஞ்சும் நெஞ்சு

வழி இருந்தும் மனிதர் ஏன் கேட்பதில்லை? சோம்பல் ஒரு காரணம்தான். ஆனால் அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. கேட்டால் விடை வந்துவிடுமே என்னும் அச்சம்!

பணம் கொடுத்துப் பொருளைக் கைக்கொண்ட பிறகு ஒருவர் காவல் நிலையத்தில் விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண் பட்டியலில் இருக்கிறது. காவலர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வார்கள். அது உரியவரிடம் திரும்பிப் போகும். கொடுத்த பணத்தை வாங்கியவர் விற்றவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் முகவரி தெரிந்தாலல்லவா கேட்பது? திருடன் தன்னிடம் இல்லாத உரிமையை எவருக்கும் கொடுக்க முடியாது என்பது ஆங்கிலேய மரபில் வந்த அமெரிக்கச் சட்டத்தின் கொள்கை. நம் ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோரின் முடிவும் அதுவே: பறிக்கப்பட்ட பொருள் எத்தனை கை மாறினாலும் உரியவருக்கே சேரும்; நல்லெண்ணத்தோடு வாங்கியவர் தாம் கொடுத்த விலையை விற்றவனிடம் கோர வேண்டும்.

ஆக, பணம் கொடுத்த பிறகு உண்மையைத் தேடுகிறவர் தமக்கே எதிராகச் சான்று தேடுகிறார். அந்த நிலையில் மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஆயிரம் வழி கண்டுபிடிப்பான். "அவர் நல்லவராகத்தான் தெரிந்தார்", "அப்படியெல்லாம் இருக்காது", "இனி என்ன செய்வது?" என்று அமைதி சொல்லிக்கொள்வான். இதனால்தான் விசாரணைக்கு உரிய நேரம் பணம் கை மாறுவதற்கு முந்திய நேரம் என்று நாம் வற்புறுத்துகிறோம். அப்போது உண்மையின் விலை ஒரு பேரம் கைதவறுவது மட்டுமே. பிறகு அதன் விலை ஏறிக்கொண்டே போகும். நேர்மையாக நடக்க விரும்புகிறவர் நேர்மை எளிதாக இருக்கும் நேரத்திலேயே அதைச் செய்து முடித்துக்கொள்வது அறிவுடைமை.

சட்டமும் இந்த மனப்போக்கை அறிந்தே சொற்களை அமைத்திருக்கிறது. களவு போன துப்பாக்கியை, அது களவுப் பொருள் என்று அறிந்து வாங்குகிறவர் மட்டும் குற்றவாளி அல்லர். அவ்வாறு நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தும் வாங்கியவரும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றவாளியே. தண்டனை பத்து ஆண்டுச் சிறை வரை போகலாம். நம் நாட்டில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையும் களவுப் பொருள் வாங்குவதைப் பற்றி இதே கருத்தைத்தான் சொல்லுகின்றன. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது; விற்பவர் பெயர் சொல்லத் தயங்குகிறார்; எண்ணைக் குறித்துக்கொள்ள விடுவதில்லை; இருட்டிய பிறகு எங்கோ ஒரு வாகன நிறுத்தத்துக்கு வரச் சொல்லுகிறார். இத்தனையும் கண்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்றால், அதை எந்த நீதிபதி ஏற்பார்? நீதிபதி ஏற்றாலும் நம் நெஞ்சு ஏற்குமா?

ஐயமும் ஆராய்ச்சியும்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிறரைப் பற்றித் தீய எண்ணம் கொள்ளலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு. விற்பவரிடம் அடையாள அட்டை கேட்பதும், எண்ணைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் விசாரிப்பதும் அவரைத் திருடனென்று எண்ணுவதாகாதா?

ஆகாது. நாம் ஆராய்வது மனிதரை அன்று, பொருளை. விற்பவரே அதை அறியாமல் ஒரு களவுப் பொருளை வாங்கியிருக்கலாம். அவருக்கு முன்னவரும் அவ்வாறே வாங்கியிருக்கலாம். அந்தச் சங்கிலியில் ஒருவரேனும் கேட்டிருந்தால் பொருள் உரியவரிடம் திரும்பியிருக்கும். மேலும், தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கும்போது எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் திருமறை பணிக்கிறது. ஒருவரையொருவர் நம்பாதவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்ட கட்டளையா அது? நம்பிக்கை நாளை குலையாமல் இருக்க இன்று எழுதி வைப்பது அல்லவா அதன் நோக்கம்? கேள்வி கேட்கப்பட்டதற்காக நேர்மையான வணிகர் முகம் சுளிப்பதில்லை. கேட்கப்படாவிட்டால்தான் அவருடைய நேர்மைக்கு மதிப்பில்லாமற் போகிறது.

மற்றொரு மறுப்பு அந்த நாட்டுக்கே உரியது. எண்ணைக் காவலரிடம் கொடுத்தால், இன்னார் இன்ன துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று அரசு குறித்துக்கொள்ளுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். அரசின் கையில் தம் பெயர்கள் பட்டியலாகக் கிடப்பதை அமெரிக்கர் பலர் விரும்புவதில்லை. 1986ஆம் ஆண்டின் தடைக்குப் பின்னால் நிற்பதும் அந்த உணர்ச்சியே. அதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் வாங்குவதற்கு முன்பே கேட்கிறவர் அந்தத் துப்பாக்கிக்கு உடையவர் அல்லர்; அவர் கேட்பது ஓர் எண்ணைப் பற்றிய கேள்வியே. அரசிடம் தம்மை மறைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். களவு கொடுத்தவருக்குத் தம் பொருளைக் கண்டடையும் உரிமை இல்லாமற் போய்விடுமா?

பட்டியல் மௌனமாக இருந்தால்

விசாரித்தாயிற்று, எண் பட்டியலில் இல்லை. வாங்குகிறவர் இனி நிம்மதியாக இருக்கலாமா?

பட்டியலின் மௌனம், பொருள் தூயது என்பதற்கு முழுச் சான்று ஆகாது. உரிமையாளர் களவை இன்னும் கண்டிருக்க மாட்டார். கண்டும் முறையிடாமல் இருந்திருப்பார். முறையிட்டும், எண்ணைக் குறித்து வைத்திராததால் பட்டியலில் ஏற்ற முடியாமற் போயிருக்கும். உரிமம் பெற்ற வணிகர், களவைக் கண்டறிந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் விதிக்கிறது. தனி மனிதருக்கு அத்தகைய மத்திய விதி இல்லை. சில மாநிலங்களே விதித்திருக்கின்றன. ஆகவே இந்தக் கடமையில் வாங்குகிறவருக்கு மட்டுமன்றி உடையவருக்கும் பங்கு உண்டு. தம் பொருளின் எண்ணை எழுதிப் பத்திரப்படுத்தாதவரும், களவு போன பின் வாளாவிருப்பவரும், நாளை அதை வாங்கப்போகும் நல்லவர் உண்மையை அறியும் வழியை அடைத்துவிடுகிறார்கள்.

எனினும், தம்மால் இயன்ற அளவு கேட்டு, பார்த்து, எழுதி வாங்கியவரை நாம் குறை சொல்ல மாட்டோம். மனிதனுக்கு மறைவானவை தெரியா. அவனுக்கு அந்தச் சுமை ஏற்றப்படவும் இல்லை. அவருடைய "தெரியாது" மெய்யான அறியாமை. கேட்காமல் வாங்கியவரின் "தெரியாது" வேறு. இரண்டு துப்பாக்கிகளும் களவுப் பொருள்களாகவே இருக்கலாம். இரண்டு மனிதர்களும் ஒன்றுமே அறியாதவர்களாக இருக்கலாம். ஆயினும் ஒருவர் கதவைத் தட்டிப் பார்த்தவர். மற்றவர் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று அஞ்சித் தட்டாமல் போனவர்.

மெய்யான அறியாமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுகள் சில கழிந்தபின் உண்மை வெளிப்படுமானால், அந்தக் கணமே அறியாமை முடிந்துவிடுகிறது. "நான் நல்லெண்ணத்தோடுதானே வாங்கினேன்" என்பது நேற்று வரை அவரைக் காத்தது. இன்று அது காக்காது. நல்லெண்ணம் வாங்கியதற்குச் சமாதானமாகலாம், வைத்துக்கொள்வதற்குச் சமாதானமாகாது. கூஃபாவின் மன்றத்தில் கவசம் எவருக்குத் தீர்ப்பாயிற்றோ அவரைச் சட்டம் விட்டுவிட்டது. சாட்சி இல்லை, ஏடு இல்லை, எண்ணும் இல்லை. தாம் அறிந்ததை அறிந்தபடி சொல்ல அவர் துணிந்ததால்தான் பொருள் உரியவரைச் சேர்ந்தது.

துப்பாக்கிகள் நம் வீடுகளுக்கு வராமல் இருக்கலாம். பழைய கைப்பேசி வருகிறது. சீட்டு இல்லாத நகை வருகிறது. பத்திரம் சரியாக இல்லாத நிலம் மலிவாக வருகிறது. அவை ஒவ்வொன்றும் நம்மிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், இது யாருடையது என்று நாம் கேட்டோமா? கேட்காமல் விட்டோம் என்றால், ஏன் கேட்கவில்லை என்பதையாவது நம் நெஞ்சைக் கேட்டுப் பார்ப்போம்.